டெவில்ஸ் ஹோல் பப்ஃபிஷ்: ஒரே ஒரு குழிக்குள் வாழும் மீனைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில், பாலைவனத்துக்கு நடுவே ஒரு பாறைப் பிளவு இருக்கிறது. அதன் அடியில் கிடக்கும் தண்ணீரில் ஒரு அங்குல நீள மீன் ஒன்று வாழ்கிறது. உலகத்தில் வேறெங்கும் அது இயற்கையாகக் கிடையாது. லாஸ் வேகஸுக்கு வேலைக்கு வந்த புதிதில் ஒரு சனிக்கிழமை வேறு வேலை இல்லாமல் பார்க்கப் போனேன். அன்றிலிருந்து வருடத்துக்கு இரண்டு முறையாவது போய்விடுகிறேன். ஊருக்குப் போனில் பேசும்போதும், வீட்டுக்கு வருபவர்களிடம் பேச்சு வந்தாலும் திரும்பத் திரும்ப ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அதனால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது.

இது என்ன மீன்? பெயர் ஏன் இப்படி?

அறிவியல் பெயர் சிப்ரினோடான் டயாபோலிஸ். 1930-இல் ஜோசப் வேல்ஸ் என்பவர் இதைத் தனி இனமாக விவரித்துப் பெயர் வைத்தார். டெவில்ஸ் ஹோல் என்றால் பேய்க்குழி என்று வைத்துக்கொள்ளலாம். பப் என்றால் நாய்க்குட்டி. இந்த வகை மீன்கள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு ஓடுவதும் சட்டென்று திரும்புவதும் நாய்க்குட்டிகள் விளையாடுவதைப் போல இருக்கும் என்பதால் அந்தப் பெயர். பார்க்கத்தான் விளையாட்டு, உண்மையில் ஆண் மீன் தன் எல்லைக்குள் வந்த இன்னொரு ஆணை விரட்டுகிறது. டெவில்ஸ் ஹோல் மீனுக்கு மட்டும் அந்தச் சண்டைக் குணம் குறைவு. மற்ற இடத்து உறவினர்களைப் போல எல்லை பிடித்துக்கொண்டு அது மல்லுக்கு நிற்பதில்லை.

வளர்ந்த மீன் இரண்டரை சென்டிமீட்டர் இருக்கும். ஆண் மீன் வெயில் பட்டால் நீலமாக மின்னும், பெண் மீன் மஞ்சள் கலந்த பழுப்பு. வயிற்றுத் துடுப்பு கிடையாது. ஆயுள் ஏறக்குறைய ஒரு வருடம். அதாவது இந்த வருடம் நாம் பார்க்கும் மீன்களில் அநேகமாக எதுவும் அடுத்த வருடம் இருக்காது, அவற்றின் பிள்ளைகள்தான் இருக்கும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு வருடம் குஞ்சு தேறாமல் போனால் அந்த இனத்தின் கதை அதோடு முடிந்தது.

அந்தக் குழி எவ்வளவு பெரியது?

மேலிருந்து பார்த்தால் தெரியும் தண்ணீரின் பரப்பு சுமார் 22 மீட்டர் நீளம், மூன்றரை மீட்டர் அகலம். ஆழம் 130 மீட்டருக்கும் மேல். முக்குளிப்பவர்கள் யாரும் இன்னும் அடியைத் தொட்டதில்லை. பாறைக்குள் இறங்கிப் போகும் ஒரு நீண்ட பிளவு அது, கீழே நிலத்தடி நீர்ப் பாறை அடுக்கோடு சேர்ந்திருக்கிறது.

ஆனால் இந்த மீனின் வாழ்க்கை அந்த ஆழத்தில் இல்லை. குழியின் ஒரு ஓரத்தில், தண்ணீருக்குச் சற்றுக் கீழே, சுண்ணாம்புப் பாறைத் திட்டு ஒன்று படுத்தமாதிரி கிடக்கிறது. அகலம் மூன்றரை மீட்டர், நீளம் ஐந்து மீட்டர், அவ்வளவுதான். ஒரு சாதாரண வீட்டின் ஹால் அளவு. தண்ணீர் அதன் மேல் முழங்கால் அளவுகூட நிற்காது. வெயில் படுவது அங்கேதான், அதனால் பாசி வளர்வதும் அங்கேதான். பாசியையும் அதில் ஒட்டியிருக்கும் நுண்ணிய உயிர்களையும்தான் மீன் தின்கிறது. முட்டையிடுவதும் அங்கேயே. மீன்கள் இருபது மீட்டருக்கும் கீழே இறங்கித் திரிவதுண்டு, ஆனாலும் சாப்பாட்டுக்கும் பிள்ளைப்பேறுக்கும் மேலே இந்தத் திட்டுக்குத்தான் வந்தாக வேண்டும்.

அதுவும் வருடம் முழுக்க வெயில் கிடையாது. குழி இரண்டு பாறைச் சுவர்களுக்கு நடுவே பள்ளத்தில் இருப்பதால் குளிர்காலத்தில் இரண்டு மாதம் போலத் தண்ணீரின் மேல் நேர் வெயில் விழுவதே இல்லை. அந்த நாட்களில் பாசி குறையும், மீனின் எண்ணிக்கையும் குறையும். அதனால் ஏப்ரலில் எண்ணினால் கம்மியாகவும் செப்டம்பரில் எண்ணினால் கூடுதலாகவும் இருப்பது வழக்கம்.

தண்ணீர் சூடாக இருக்குமாமே, மீன் எப்படித் தாங்குகிறது?

33, 34 டிகிரி செல்சியஸ். குளிக்க விளாவி வைத்த தண்ணீர் மாதிரி, வருடம் முழுக்க அதே சூடு. பூமிக்கடியில் சூடேறி வருகிற தண்ணீர். சூடு கூடினால் தண்ணீரில் ஆக்ஸிஜன் குறையும். இங்கே இருக்கிற ஆக்ஸிஜனில் பெரும்பாலான மீன்கள் செத்து மிதந்துவிடும். இந்த மீன் தாங்குகிறது, ஆனால் தாங்குவது வேறு, வசதியாக இருப்பது வேறு. இதன் உடலின் தாங்கும் எல்லைக்கு மிகப் பக்கத்தில் இருக்கிற இடம் இது. இன்னும் இரண்டு மூன்று டிகிரி ஏறினால் முட்டை பொரிப்பதே சிக்கலாகிவிடும்.

இதில் ஒரு ஆச்சரியமான விஷயம் இருக்கிறது. பக்கத்து ஊற்றுகளில் வாழும் அமர்கோசா பப்ஃபிஷ் என்ற உறவினர் மீனின் குஞ்சுகளை ஆய்வகத்தில் கூடுதல் சூட்டிலும் குறைந்த தீனியிலும் வளர்த்துப் பார்த்தார்கள். 2006-இல் வெளியான ஆய்வு அது. வளர்ந்த மீன்கள் டெவில்ஸ் ஹோல் மீன் போல ஆகிவிட்டன, உடம்பு சிறுத்து, தலை பெருத்து. ஆக, இந்த மீனின் உருவத்தில் ஒரு பங்கு அதன் ரத்தத்தில் இருப்பது, இன்னொரு பங்கு அந்தக் குழியின் சூடும் பசியும் செதுக்கியது.

பாலைவனத்துக்கு மீன் எப்படி வந்தது?

பனியுகக் காலத்தில் இந்தப் பக்கமெல்லாம் ஏரிகளும் ஆறுகளும் இருந்தன. காலநிலை மாறி அவை வற்ற வற்ற, மீன்கள் ஆங்காங்கே மிஞ்சிய ஊற்றுகளில் ஒதுங்கின. அப்படித் தனித்தனியாகப் பிரிந்த பப்ஃபிஷ் இனங்களும் கிளை இனங்களும் இந்த வட்டாரத்தில் பல உண்டு. டெவில்ஸ் ஹோல் குழியின் கூரை இடிந்து மேலே திறந்துகொண்டது ஏறக்குறைய 60,000 வருடங்களுக்கு முன்பு என்கிறார்கள், மீன் அதற்கப்புறம்தான் உள்ளே வந்திருக்க வேண்டும். பத்தாயிரம், இருபதாயிரம் வருடங்கள் ஆகியிருக்கும் என்று ஒரு கணக்கு. மரபணுவை வைத்துச் சில நூறு வருடங்கள்தான் என்று 2016-இல் இன்னொரு கணக்கு. இதில் ஆய்வாளர்களிடையே சண்டை இன்னும் ஓயவில்லை.

இதைக் காப்பாற்ற அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனார்கள் என்பது உண்மையா?

உண்மை. என்னைக் கேட்டால் இந்த மீனின் கதையில் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டிய பகுதி இதுதான், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1952-இல் அதிபர் ட்ரூமன் ஓர் ஆணை போட்டு, குழியைச் சுற்றியுள்ள 40 ஏக்கரை டெத் வேலி தேசிய நினைவிடத்தோடு சேர்த்தார். டெத் வேலி இப்போது தேசியப் பூங்கா, இந்த 40 ஏக்கர் அதன் தனித்துண்டு. 1967-இல் அமெரிக்க அரசு முதன்முதலில் வெளியிட்ட அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் பட்டியலில் இந்த மீனும் இருந்தது. காகிதத்தில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. மேலே நிலம் பத்திரம், மீனும் பத்திரம்.

தண்ணீர் மட்டும் பத்திரமில்லை. 1968-இல், இரண்டரை மைல் தூரத்தில், கப்பேர்ட் குடும்பத்தின் 12,000 ஏக்கர் பண்ணையில் ஆழ்துளைக் கிணறுகளில் பம்பு ஓட ஆரம்பித்தது. மாட்டுத் தீவனம் விளைவிக்கத் தண்ணீர். இந்தப் பண்ணையும் அந்தக் குழியும் அடியில் ஒரே தண்ணீரின் மேல்தான் உட்கார்ந்திருக்கின்றன. பக்கத்துத் தோட்டத்தில் ஆயிரம் அடிக்கு போர் போட்டதும் நம் கிணற்றில் படி படியாகத் தண்ணீர் இறங்குவதைப் பார்த்த யாருக்கும் இதை விளக்கத் தேவையில்லை.

குழியின் சுவரில் 1962-இல் அடித்து வைத்த ஒரு செம்பு வாஷர் இருக்கிறது. தண்ணீர் அதிலிருந்து எவ்வளவு கீழே நிற்கிறது என்று அளப்பார்கள். 1968 வரை 1.2 அடி கீழே, பருவத்துக்குப் பருவம் சின்ன ஏற்ற இறக்கத்தோடு அப்படியே நின்றது. 1969 கோடையில் 2.3 அடி. 1970-இல் 3.17 அடி. 1971-இல் 3.48 அடி. 1972-இல் 3.93 அடி. 130 மீட்டர் ஆழமுள்ள குழியில் மூன்று அடி போனால் என்ன என்று தோன்றலாம். ஆனால் மேலே சொன்ன அந்தத் திட்டை நினைத்துப் பாருங்கள். மூன்று அடிக்குக் கீழே போனால் திட்டின் பெரும்பகுதி வெளியே தெரிய ஆரம்பிக்கும். பாசி காயும், முட்டையிட இடமிருக்காது. அடியில் நூறு மீட்டர் தண்ணீர் இருந்தும் மீன் அழியும்.

அந்தக் காலத்தில் செயற்கையாக ஒரு திட்டைச் செய்து உள்ளே வைத்து, மேலே விளக்கெல்லாம் போட்டுப் பார்த்தார்கள். கொஞ்சம் தாக்குப்பிடிக்க உதவியது, தீர்வாகவில்லை.

1971-இல் மத்திய அரசு வழக்குப் போட்டது. உள்ளூரில் கடும் கோபம். "மீனைக் கொல்" என்று ஒட்டிய கார்களும் ஓடின, "மீனைக் காப்பாற்று" என்று ஒட்டிய கார்களும் ஓடின. பண்ணையின் பக்கத்தையும் சொல்ல வேண்டும். அங்கே எண்பது பேருக்கு மேல் வேலை பார்த்தார்கள், அவர்களுக்கு அது சோறு. ஒரு அங்குல மீனுக்காக என் வேலை போகுமா என்று ஒருவர் கேட்டால் அந்தக் கேள்வியைத் தட்டிவிட முடியாது.

1976 ஜூன் 7 அன்று தலைமை நீதிபதி வாரன் பர்கர் தீர்ப்பை எழுதினார், ஒரு நீதிபதிகூட மாற்றுக் கருத்துச் சொல்லவில்லை. 1952-இல் அரசு அந்த இடத்தை ஒதுக்கியபோதே, மீன் வாழ எவ்வளவு தண்ணீர் தேவையோ அந்தத் தண்ணீரின் உரிமையும் சேர்ந்தே ஒதுக்கப்பட்டுவிட்டது, அதற்கப்புறம் வந்தவர்கள் பூமிக்கடியிலிருந்து இறைத்தாலும் அந்த உரிமையை மீறக் கூடாது என்பதுதான் சாரம். பம்பு ஓடவே கூடாது என்று சொல்லவில்லை. மட்டம் ஒரு அளவுக்குக் கீழே போகாதபடி இறைத்துக்கொள் என்றது. பிறகு அந்த அளவு செம்பு வாஷருக்குக் கீழே 2.7 அடி என்று முடிவானது. இன்று வரை அந்த எண்தான்.

ஒரு மீனின் உயிரை அடி, அங்குலக் கணக்கில் சட்டத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். எனக்கு இந்தத் தீர்ப்பில் மிகவும் பிடித்தது இதுதான். "நீர்வளத்தைப் பாதுகாப்போம்" என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால் அதை யாரும் அளந்து பார்க்க முடியாது, 2.7 அடி என்றால் எந்த நாளும் போய் அளந்து பார்க்கலாம்.

தீர்ப்போடு பிரச்சினை தீர்ந்ததா?

இல்லை. பண்ணை கைமாறி, அந்த நிலத்தில் ஆயிரக்கணக்கான வீடுகள் கட்டும் திட்டம் வந்தது. கடைசியில் நேச்சர் கன்சர்வன்சி என்ற அமைப்பு நிலத்தை வாங்கி அரசிடம் கொடுத்தது. 1984-இல் அது ஆஷ் மெடோஸ் தேசிய வனவிலங்குப் புகலிடம் ஆனது. இன்று குழியைச் சுற்றி இருப்பது அந்தப் புகலிடம்தான்.

இப்போது எத்தனை மீன்கள் இருக்கின்றன? எப்படி எண்ணுகிறார்கள்?

1972 முதல் ஒழுங்காக எண்ணிவருகிறார்கள். முக்குளிப்பவர்கள் சிலர் காற்றுச் சிலிண்டரோடு கீழே முப்பது மீட்டர் வரை இறங்கிச் சுவரோரமாக எண்ணிக்கொண்டே மேலே வர, அதே நேரத்தில் வேறு சிலர் திட்டுக்கு மேலே பலகை போட்டுக் குப்புறப் படுத்துக்கொண்டு அங்கே தெரியும் மீன்களை எண்ணுவார்கள். ஒரு தடவை எண்ணி நிறுத்துவதில்லை, மறுபடியும் எண்ணிச் சராசரி எடுப்பார்கள்.

நல்ல காலத்தில் செப்டம்பர் எண்ணிக்கை ஐந்நூறைத் தாண்டியிருக்கிறது. தொண்ணூறுகளின் நடுவிலிருந்து சரிய ஆரம்பித்தது, முழுக் காரணம் இதுதான் என்று ஒன்றைக் கை நீட்டிச் சொல்ல முடியாத சரிவு. 2004 செப்டம்பரில் ஒரு திடீர் வெள்ளம், ஆய்வுக்காக வெளியே வைத்திருந்த மீன்பிடிக் கூடுகளை அடித்துக்கொண்டு போய்க் குழிக்குள் தள்ளிவிட்டது. அதில் சிக்கி எண்பது மீன்கள் போல் செத்தன, அன்றிருந்த மீன்களில் மூன்றில் ஒரு பங்கு. காப்பாற்ற வந்தவர்களின் சாமானாலேயே நடந்த சாவு. அதைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

2006 ஏப்ரலில் 38. அந்த வருடம்தான் வெளியிலிருந்து தீனி போட ஆரம்பித்தார்கள். 2013 ஏப்ரலில் 35. ஒரு இனம் முழுக்க, உலகம் முழுக்கத் தேடினாலும், 35. ஒரு டவுன் பஸ்ஸில் அதைவிட அதிகம் பேர் போகிறார்கள்.

அப்புறம் மெதுவாக ஏறியது. 2022 ஏப்ரலில் 175, செப்டம்பரில் 263. 2024 ஏப்ரலில் 191, ஏப்ரல் மாத எண்ணிக்கையில் 25 வருடங்களில் அதுதான் அதிகம். 2023-இல் ஹிலரி புயலின் மழை சுற்றுப்புற மண்ணைக் குழிக்குள் கொண்டுவந்து சேர்த்ததில் சத்துக் கூடியதும் ஒரு காரணமாக இருக்கலாம் என்றார்கள். அந்த எண் வந்தபோது எனக்கு வீட்டில் விசேஷம் போல இருந்தது.

2025 ஏப்ரலில் மறுபடியும் 38.

ஒரே வருடத்தில் 191-லிருந்து 38 ஆ? என்ன ஆச்சு?

நிலநடுக்கம். 2024 டிசம்பரிலும் 2025 தொடக்கத்திலும் வந்த இரண்டு நிலநடுக்கங்களில் குழிக்குள் அலை எழும்பித் திட்டிலிருந்த பாசியையும் முட்டைகளையும் வழித்துக்கொண்டு ஆழத்துக்குப் போய்விட்டது. குளிர்காலம் வேறு, வெயில் இல்லாததால் பாசி மறுபடி முளைக்க நாளாகும். மீன்களுக்குத் தீனியே இல்லாமல் போனது. தீனியைக் கூட்டினார்கள், காப்பகத் தொட்டியில் (அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்) வளர்த்த மீன்களில் சிலவற்றைக் கொண்டுவந்து விட்டார்கள்.

நிலநடுக்கம் பக்கத்தில் வர வேண்டும் என்பதில்லை. 2022 செப்டம்பர் 19 அன்று மெக்ஸிகோவில் ஒரு பெரிய நிலநடுக்கம். இங்கிருந்து 2,400 கிலோமீட்டர் தூரம். 22 நிமிடம் கழித்து டெவில்ஸ் ஹோலில் நான்கு அடி உயரத்துக்கு அலை அடித்தது. குழியில் வைத்திருக்கும் கேமராவில் பதிவான காட்சி இணையத்தில் கிடைக்கும், பார்த்துவிடுங்கள். முதலில் தண்ணீர் லேசாக மூச்சு விடுவது போல ஏறி இறங்குகிறது, அப்புறம் குழி முழுக்கக் கொந்தளிக்கிறது. இத்தனைக்கும் மேலே பாலைவனத்தில் ஒரு கல்கூட அசையவில்லை.

ஒரு விஷயத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இந்த அலை எப்போதும் கெடுதல் மட்டும் செய்வதில்லை. திட்டில் படிந்த வண்டலையும் அழுகிய கழிவையும் கழுவிவிடுகிறது, அப்புறம் புதுப் பாசி நன்றாக வரும். மீன்களும் அலைக்குப் பிறகு கூடுதலாக முட்டையிட்டதைப் பார்த்திருக்கிறார்கள். இத்தனை ஆயிரம் வருடம் இந்த அலைகளோடுதான் அது வாழ்ந்திருக்கிறது. மீன் ஐந்நூறு இருக்கும்போது அலை வந்தால் தாங்கும். ஐம்பது இருக்கும்போது குளிர்காலத்தில் இரண்டு அலை வந்தால் என்ன செய்யும்?

வேறு குளத்தில் கொஞ்சம் விட்டு வளர்க்கக் கூடாதா?

எல்லாரும் கேட்கிற கேள்வி, நானும் முதலில் அதைத்தான் கேட்டேன். விட்டுப் பார்த்தார்கள். 1972-இல் ஹூவர் அணைக்குக் கீழே ஒரு தொட்டி கட்டி 27 மீன்களை விட்டார்கள். பிறகு இன்னும் இரண்டு இடங்களில் தொட்டிகள். மீன் வளர்ந்தது, ஆனால் கொஞ்ச காலத்தில் உருவமே மாறிவிட்டது, உடம்பு பெருத்து வேறு மீன் போல ஆனது. ஒரு தொட்டியில் பக்கத்து ஊற்றிலிருந்த அமர்கோசா பப்ஃபிஷ் எப்படியோ புகுந்து கலந்துவிட்டது. ஒன்றில் பம்பு, குழாய்க் கோளாறு. கடைசியில் எதுவும் நிலைக்கவில்லை.

அதனால் 2013-இல் வேறு வழி எடுத்தார்கள். மீனைக் குளத்துக்குக் கொண்டுபோவதற்குப் பதில், குழியையே இன்னொன்று கட்டினார்கள். ஆஷ் மெடோஸ் மீன் பாதுகாப்பு நிலையத்தில் சுமார் 3.8 லட்சம் லிட்டர் தொட்டி. உள்ளே டெவில்ஸ் ஹோல் திட்டை அளந்து அச்சில் வார்த்தது போல ஒரு செயற்கைத் திட்டு. சூடு, வெளிச்சம், ஆக்ஸிஜன் எல்லாம் குழியில் இருப்பது போல. மீன் தொட்டி வைத்திருப்பவர்கள் எல்லாம் காற்றுப் பம்பு வைத்து ஆக்ஸிஜனைக் கூட்டுவார்கள், இவர்கள் ஆக்ஸிஜனைக் குறைத்து வைக்கப் பாடுபடுகிறார்கள்.

வளர்ந்த மீன்களை எடுத்தால் குழியில் குறையும் என்பதால் முட்டைகளைத்தான் எடுத்தார்கள். அதுவும் குளிர்காலத்தில், எப்படியும் பிழைக்காது என்று தெரிந்த நாட்களில் போட்ட முட்டைகளை. கண்ணுக்குச் சரியாகத் தெரியாத முட்டைகளை விரித்து வைத்த சிறு பாய்களிலிருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்து, பொரிக்க வைத்து, குஞ்சை ஆளாக்குகிற வேலை. ஆரம்பத்தில் தொட்டியில் மீன் பெருகவே இல்லை. ஏனென்று தேடினால், டெவில்ஸ் ஹோலிலேயே இருக்கிற ஒரு சின்ன நீர்வண்டு, முட்டையோடும் பாசியோடும் வந்து சேர்ந்து, தொட்டியில் ஏகத்துக்கும் பெருகி, முட்டைகளையும் பொரித்த குஞ்சுகளையும் தின்றுகொண்டிருந்தது. அதைப் பொறி வைத்துப் பிடிக்க ஆரம்பித்த பிறகுதான் மீன் எண்ணிக்கை ஏறியது. 2025-இல் குழி காலியாகும் நிலைக்கு வந்தபோது கைகொடுத்தது இந்தத் தொட்டிதான்.

நெருங்கிய உறவுக்குள்ளேயே இனப்பெருக்கம் ஆனால் கேடு வராதா?

வரும், வந்திருக்கிறது. 2022-இல் வெளியான மரபணு ஆய்வில் ஆராய்ந்த மீன்களின் மரபணுத் தொகுதியில் சராசரியாக 58 சதவீதம் ஒன்றுபோல இருந்தது. ஐந்தாறு தலைமுறை தொடர்ந்து கூடப் பிறந்தவர்களுக்குள்ளேயே கட்டிவைத்தால் எந்த நிலை வருமோ அந்த நிலை. சில மரபணுக்கள் முழுக்கவே தொலைந்திருக்கின்றன. அதற்காகக் கைவிட்டுவிட முடியுமா என்ன? நோஞ்சானாகப் பிறந்த பிள்ளையைக் கூடுதலாகப் பார்த்துக்கொள்வோமே தவிர, விட்டுவிடுவதில்லை.

அழிந்துபோன பப்ஃபிஷ் உண்டா?

உண்டு. டெகோபா பப்ஃபிஷ், கலிபோர்னியா பக்கம் டெகோபா வெந்நீர் ஊற்றுகளில் இருந்தது. ஊற்றுகளை அகலப்படுத்திக் குளியல் தொட்டிகள் கட்டினார்கள், இரண்டு ஊற்றின் ஓடைகளை ஒன்றாக்கித் திருப்பிவிட்டார்கள், தண்ணீரின் ஓட்டமும் சூடும் மாறின. அவ்வளவுதான், போய்விட்டது. அழிந்துவிட்டது என்ற காரணத்துக்காக அமெரிக்கப் பாதுகாப்புப் பட்டியலிலிருந்து முதலில் நீக்கப்பட்டது அந்த மீன்தான்.

நூலிழையில் தப்பியதும் உண்டு. 1969 ஆகஸ்டில் ஓவன்ஸ் பப்ஃபிஷ் என்ற இனம் கலிபோர்னியாவில் வற்றிக்கொண்டிருந்த ஒரே குட்டையில் மாட்டிக்கொண்டது. ஃபில் பிஸ்டர் என்ற அரசு மீன்வள அலுவலர் மிச்சமிருந்த சுமார் 800 மீன்களையும் வாரி இரண்டு வாளிகளில் தூக்கிக்கொண்டு வேறு தண்ணீருக்கு நடந்தார். கால் தடுக்கி விழுந்திருந்தால் அந்த இனமே இல்லை. இன்றும் அந்த மீன் இருக்கிறது.

மனிதர்கள் உள்ளே போய்த் தொந்தரவு செய்ய முடியுமா?

முடியாதபடி இப்போது வேலி, முள்கம்பி, கேமரா எல்லாம் உண்டு. அப்படியும் 2016 ஏப்ரல் 30 இரவு மூன்று பேர் குடித்துவிட்டு வேலி ஏறிக் குதித்தார்கள். துப்பாக்கியால் சுட்டு, உள்ளே வாந்தி எடுத்து, ஒருவர் தண்ணீரில் இறங்கித் திட்டின் மேலேயே நடந்தார். முட்டையிடும் பருவம். ஒரு மீன் செத்துக் கிடந்தது, மிதிபட்ட முட்டைகளுக்குக் கணக்கில்லை. கேமராவில் பதிந்ததால் பிடிபட்டார்கள், தண்ணீரில் இறங்கியவருக்கு ஒரு வருடத்துக்கு மேல் சிறை.

அதற்கு வெகு காலம் முன்பு, 1965-இல், இருட்டில் உள்ளே முக்குளிக்கப் போன இரண்டு இளைஞர்கள் திரும்பி வரவே இல்லை. அவர்களின் உடல்கள் கிடைக்கவில்லை.

இனிமேல் பயப்பட வேண்டியது எதற்கு?

தண்ணீருக்குத்தான், அன்றும் இன்றும். தீர்ப்புக்குப் பிறகு நிலத்தடி நீர் கொஞ்சம் ஏறினாலும் 1968-க்கு முந்தைய மட்டத்துக்குத் திரும்பவே இல்லை. சுற்றுவட்டாரத்தில் ஊர்கள் பெரிதாகின்றன, எல்லாருக்கும் தண்ணீர் வேண்டும். 2023-இல் ஆஷ் மெடோஸ் எல்லைக்குப் பக்கத்திலேயே லித்தியம் தேடித் துளையிட ஒரு நிறுவனத்துக்கு வழிவிட்டார்கள், உள்ளூர் மக்களும் அமைப்புகளும் வழக்குப் போட்டதும் அந்த அனுமதி திரும்பப் பெறப்பட்டது. பேட்டரிக்கு லித்தியம் வேண்டும் என்பது எனக்கும் தெரியும். ஆனால் ஒரே நீரடுக்கின் மேல் எங்கே துளை போட்டாலும் அது இந்தக் குழியில் கேட்கும், அதை 1968-லேயே பார்த்தாயிற்று.

வெப்பம் இன்னொன்று. அடியிலிருந்து வரும் தண்ணீரின் சூடு மாறாது, ஆனால் திட்டின் மேல் மெல்லிசாக நிற்கும் தண்ணீர் காற்றின் சூட்டை வாங்கிக்கொள்ளும். முட்டை பொரிக்கத் தோதான நாட்கள் வருடத்தில் குறைந்துகொண்டு வருகின்றன.

ஒரு அங்குல மீனுக்கு இவ்வளவு செலவு தேவையா?

தேவை என்றுதான் நினைக்கிறேன், கூச்சமில்லாமல் சொல்கிறேன். காப்பகத் தொட்டிக்கு மட்டுமே பல மில்லியன் டாலர் ஆனது. ஆனால் அந்த மீனுக்காக வந்த தீர்ப்பால் ஆஷ் மெடோஸில் உள்ள மற்ற ஊற்றுகளும் தப்பின. அங்கே மட்டுமே வாழும் செடிகள், நத்தைகள், பூச்சிகள், மீன்கள் என்று இருபதுக்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. அந்தத் தண்ணீரைத்தான் சுற்றியுள்ள மனிதர்களும் குடிக்கிறார்கள். டெவில்ஸ் ஹோல் சுவரில் படிந்த சுண்ணாம்புப் படிவத்தை அறுத்துப் பார்த்து ஐந்து லட்சம் வருடக் காலநிலையைப் படித்திருக்கிறார்கள். இவையெல்லாம் பயன்கள். பயன் எதுவுமே இல்லை என்று வைத்துக்கொண்டாலும் என் பதில் மாறாது. அந்தக் குழியை விட்டு எங்கேயும் போகாமல், யாரையும் தொந்தரவு செய்யாமல் இத்தனை காலம் வாழ்ந்த ஒரு உயிர் நம் பம்பினால் சாக வேண்டுமா?

நேரில் பார்க்கலாமா?

குழியை மேலிருந்து பார்க்கலாம், மீனைப் பார்ப்பது கஷ்டம். லாஸ் வேகஸிலிருந்து சுமார் 150 கிலோமீட்டர், கடைசிப் பகுதி மண் சாலை. பார்வை மேடை தண்ணீருக்கு வெகு உயரத்தில் கம்பிவலைக்குள் இருக்கிறது. எட்டிப் பார்த்தால் சாம்பல் நிறப் பாறைகளுக்கு நடுவே கரும்பச்சையாகக் கொஞ்சம் தண்ணீர், ஓரத்தில் அளவுக் கருவிகளின் கம்பிகள். பைனாகுலர் இருந்தும் முதல் இரண்டு தடவை எனக்கு ஒன்றும் தெரியவில்லை. மூன்றாம் முறை, காலை வெயில் திட்டின் மேல் விழுந்த நேரத்தில், பாசியின் மேல் நீலப் புள்ளி ஒன்று நகர்ந்தது போல இருந்தது. மீன்தானா என்று சத்தியம் செய்ய மாட்டேன்.

கிட்டத்தில் பார்க்க ஆசை இருந்தால், அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் பாயிண்ட் ஆஃப் ராக்ஸ் என்ற இடத்துக்குப் போங்கள். பலகை நடைபாதை உண்டு, அதன் கீழே ஊற்று நீர் கண்ணாடி போல ஓடுகிறது. அமர்கோசா பப்ஃபிஷ் காலடியிலேயே திரியும். வசந்தத்தில் ஆண் மீன்கள் நல்ல நீலத்தில் இருக்கும். ஒன்று ஒரு கூழாங்கல்லைச் சுற்றிக் காவல் காத்துக்கொண்டு நிற்கும், இன்னொன்று பக்கத்தில் வந்தால் பாய்ந்து விரட்டிவிட்டு அதே கல்லுக்குத் திரும்பி வரும். தொப்பியும் தண்ணீர் பாட்டிலும் எடுத்துக்கொள்ளுங்கள், அங்கே கடை எதுவும் கிடையாது. தண்ணீருக்குள் கையை மட்டும் விடாதீர்கள்.